முதல் சம்பளச் சீட்டு: ஓபிடி காலப் பிடித்தங்களை நீங்களே சரிபார்க்க

217.00 டாலர். அதற்குக் கீழே 50.75 டாலர். இந்த இரண்டு வரிகளைச் சம்பளச் சீட்டில் தேடிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில், வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. இங்கே இரவு ஏழரை மணி என்றால் கோடையில் டல்லாஸில் காலை ஒன்பது. கைப்பேசிகள் அடிப்பது அந்த நேரத்தில்தான். அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா கைப்பேசியோடு எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டார். "மாமா, கொழந்தைக்கு மொதல் சம்பளம் வந்திருக்கு. நெனச்சதைவிடக் கொறைச்சலா இருக்கேங்கறா. நீங்க கொஞ்சம் பாருங்கோ." நான் ஏஜீஸ் ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியல் எந்த ஊருடையதானாலும் கண் முதலில் பிடித்தங்களுக்குத்தான் போகும்.

ஆண்டுச் சம்பளம் 84,000 டாலர். மாதம் இரண்டு தவணை, தவணைக்கு 3,500. அதில் சோஷியல் செக்யூரிட்டி 217.00, மெடிகேர் 50.75. அந்தப் பெண் எஃப்-1 விசாவில் எம்.எஸ். முடித்து, படிப்புக்குப் பிந்தைய பயிற்சி வேலை அனுமதியான ஓபிடியில் வேலைக்குச் சேர்ந்தவள். அமெரிக்கா போய் மூன்றாவது காலண்டர் ஆண்டு. அவள் சீட்டில் அந்த இரண்டு வரிகளும் இருந்திருக்கவே கூடாது. தவணைக்கு 267.75 என்றால் ஆண்டுக்கு 6,426 டாலர். கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. திரும்ப வாங்க அவளுக்கு மூன்று மின்னஞ்சலும் இரண்டு மாதமும் ஆயிற்று. நீங்கள் முதல் நாளே கேட்டால் அந்த அலைச்சல் இல்லை.

சீட்டில் என்னென்ன பிடிப்பார்கள்

கூட்டரசு வருமான வரி எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு. மாநில வருமான வரி மாநிலத்தைப் பொறுத்தது. டெக்ஸஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற இடங்களில் சம்பளத்துக்கு அது கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவற்றில் உண்டு.

மிச்சம் இரண்டு: சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம். இரண்டையும் சேர்த்து ஃபைக்கா என்பார்கள், மொத்தம் 7.65 சதவீதம். நீங்கள் கட்டும் அதே அளவை நிறுவனமும் தன் பங்காகக் கட்ட வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பேச்சுவார்த்தைக்கு உதவும்.

இந்தப் பணம் அங்கே முதுமை ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகிறது. ஓய்வூதியம் பெற 40 புள்ளிகள் சேர வேண்டும், அதாவது ஏறக்குறைய 10 ஆண்டு வேலை. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அமெரிக்காவோடு அப்படி ஒன்று இல்லை. மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர் கட்டிய பணம் அங்கேயே நின்றுபோகும். தேவையில்லாமல் கட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விலக்கு யாருக்கு

மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்:

1. நீங்கள் செல்லுபடியாகும் எஃப்-1 நிலையில் இருக்க வேண்டும். ஜே-1 மாணவருக்கும் இதே விதிதான்.
2. செய்யும் வேலை அந்த விசா அனுமதிக்கும் வேலையாக இருக்க வேண்டும்: படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலையான சிபிடி, 12 மாத ஓபிடி, அறிவியல்–பொறியியல் படித்தவர்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு.
3. வரிக் கணக்கில் நீங்கள் 'நான்-ரெசிடென்ட்' ஆக இருக்க வேண்டும்.

சட்டத்தில் இது உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 3121(பி)(19) பிரிவு. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், காரணம் சொல்கிறேன்.

பக்கத்திலேயே 3121(பி)(10) என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அது படிக்கும் காலத்தில் தான் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கும் எல்லா மாணவருக்குமானது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் பொருந்தும். படிப்பு முடிந்ததும் அது முடிந்துவிடும். பேரோல் பிரிவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பத்தாம் உட்பிரிவுதான் தெரியும். அதனால்தான் "நீங்கள் பட்டம் வாங்கியாயிற்று, மாணவர் விலக்கு இனி இல்லை" என்று பதில் வருகிறது. சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, வேறு பிரிவைச் சொல்கிறார். "நான் கேட்பது மாணவர் விலக்கு அல்ல, எஃப்-1 நிலையில் உள்ள நான்-ரெசிடென்ட்டுக்கான 19-ஆம் உட்பிரிவு" என்று பதில் எழுதுங்கள். பெரும்பாலான வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும்.

ஐந்து ஆண்டுக் கணக்கு: இதை நீங்கள்தான் எண்ண வேண்டும்

மூன்றாவது நிபந்தனையில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். மாணவராக வந்தவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் பொதுவாக நான்-ரெசிடென்ட். காலண்டர் ஆண்டு என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நீங்கள் வந்து இறங்கிய தேதியிலிருந்து ஐந்து வருஷம் என்று எண்ணக் கூடாது.

1. அமெரிக்க எல்லைக் காவல் துறையின் ஐ-94 தளத்தில் உங்கள் பயண வரலாற்றை எடுங்கள். பாஸ்போர்ட் முத்திரையோடு ஒப்பிடுங்கள்.
2. எஃப் அல்லது ஜே விசாவில் மாணவராக முதலில் நுழைந்த ஆண்டை எழுதுங்கள். அந்த ஆண்டில் ஒரு நாள் இருந்திருந்தாலும் அது முழு ஆண்டாகக் கணக்கு.
3. இளநிலைப் படிப்புக்கோ பரிமாற்றத் திட்டத்திலோ முன்பே போயிருந்தால் அந்த ஆண்டுகளையும் சேருங்கள்.
4. ஐந்தாவது ஆண்டின் டிசம்பர் 31-ஐ எழுதி வட்டம் போடுங்கள். விலக்கு அதோடு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்கப் போனவருக்கு 2022, 23, 24, 25, 26 என்று ஐந்து ஆண்டு. 2024 மே மாதம் முடித்து, ஸ்டெம் நீட்டிப்போடு 2027 நடுவரை வேலை பார்த்தால், 2026 டிசம்பர் வரை ஃபைக்கா இல்லை. 2027 ஜனவரியிலிருந்து உண்டு.

இரண்டாமவர் ஜனவரி செமஸ்டருக்காக 2021 டிசம்பர் 27 அன்று இறங்கினார். அந்த ஐந்து நாளுக்காக 2021 முழுக்க செலவாகிவிட்டது. அவருடைய விலக்கு 2025-ஓடு முடிந்தது. ஜனவரி 2-ஆம் தேதி விமானம் ஏறியிருந்தால் 2026-உம் கிடைத்திருக்கும். டிக்கெட் போடும்போது இதையும் பாருங்கள். பயண முகவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாமவர் 2020 ஆகஸ்டில் இளநிலைப் படிப்புக்குப் போய் 2024 மே மாதம் முடித்தவர். ஐந்தில் ஏறக்குறைய நான்கரை ஆண்டு வகுப்பறையிலேயே கழிந்துவிட்டது. ஓபிடியில் சில மாதம்தான் விலக்கு. 2025 ஜனவரி முதல் கட்ட வேண்டும். "எம்.எஸ். படித்த அண்ணனுக்குப் பிடிக்கவில்லையே, எனக்கு மட்டும் ஏன்" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

ஆறாம் ஆண்டில் நாள் எண்ணும் முறை தொடங்கும். விலக்கு ஆண்டுகளின் நாட்கள் கணக்கில் வராது. அந்த ஆண்டின் நாட்கள் மட்டும் 183 ஆக வேண்டும். ஜனவரி 1 முதல் தொடர்ந்து இருந்தால் ஜூலை 2 அன்று 183 நிறையும். நிறைந்தால் ஜனவரி 1 முதலே ரெசிடென்ட் என்று ஆகிவிடும். ஆகவே பேரோல் பிரிவு ஜனவரியிலேயே பிடிக்கத் தொடங்கினால் அது சரி.

வேலையில் சேரும் வாரத்தில்

1. பெயரை ஒழுங்காக்குங்கள். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். பல்கலைக்கழகத்தில் அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பேரோலில் கொடுங்கள். மாறினால் ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவம் பொருந்தாது.

2. வருமான வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவத்தை நிதானமாக நிரப்புங்கள். கல்யாணம் ஆகியிருந்தாலும் 'சிங்கிள்' கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும். 'நான்-ரெசிடென்ட் ஏலியன்' அல்லது 'என்.ஆர்.ஏ.' என்று 4(சி) வரிக்குக் கீழே உள்ள இடத்தில் எழுத வேண்டும். 'எக்ஸெம்ப்ட்' என்று எழுதாதீர்கள். அது வருமான வரிப் பிடித்தத்தையே நிறுத்தச் சொல்வது; ஃபைக்காவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. படிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் நோட்டீஸ் 1392-இன் அவ்வாண்டுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

3. இந்திய மாணவர் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். நான்-ரெசிடென்ட் ஊழியருக்குப் பிடித்தம் கணக்கிடும்போது சம்பளத்தோடு ஒரு தொகையைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பது வழக்கம். இந்திய மாணவருக்கு அந்தக் கூட்டல் இல்லை. பப்ளிகேஷன் 15-டி இதைத் தெளிவாகச் சொல்கிறது.

4. பேரோல் பிரிவுக்கு நேரடியாக எழுதுங்கள். ஐ-9 படிவத்துக்காக விசா, வேலை அனுமதி அட்டை எல்லாம் எச்.ஆர். பார்த்திருப்பார்கள். அந்தத் தகவல் சம்பளம் போடுகிற மென்பொருளுக்குத் தானாகப் போகாது. நிறைய இடங்களில் சம்பளம் போடுவதே வெளி நிறுவனம். அங்கே நீங்கள் ஒரு வரிசை எண், அவ்வளவுதான்.

கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: நான் எஃப்-1 நிலையில், ஓபிடி அனுமதியோடு வேலை செய்கிறேன்; இன்ன ஆண்டில் முதலில் நுழைந்தேன், ஆகவே இன்ன ஆண்டு டிசம்பர் 31 வரை வரிக்கு நான்-ரெசிடென்ட்; 3121(பி)(19) பிரிவின்படி சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் எனக்கு இல்லை; இதன்படி பதிவு செய்ததை எழுத்தில் உறுதி செய்யவும். வேலை அனுமதி அட்டை, ஐ-20, ஐ-94 நகல்களை நிறுவனத்தின் பாதுகாப்பான தளத்தில் ஏற்றுங்கள்.

குறிப்பு: தயங்குகிற எச்.ஆரிடம் "இந்த விலக்கு நிறுவனத்தின் பங்கான 7.65 சதவீதத்துக்கும் பொருந்தும்" என்று மரியாதையாக ஒரு வரி சேருங்கள். உங்களுக்கு மிச்சமாகும் அதே தொகை அவர்களுக்கும் மிச்சம்.

முதல் சீட்டை வாசிப்பது

சீட்டில் 'சோஷியல் செக்யூரிட்டி', 'மெடிகேர்' என்றே இருக்க வேண்டும் என்பதில்லை. 'ஓ.ஏ.எஸ்.டி.ஐ.', 'ஃபெட் மெட்', 'எஸ்.எஸ். டாக்ஸ்', 'ஃபைக்கா' என்று எப்படியும் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். மொத்தச் சம்பளத்தை 0.062-ஆல் பெருக்குங்கள், 0.0145-ஆல் பெருக்குங்கள். அந்த எண்கள் சீட்டில் எங்காவது உட்கார்ந்திருந்தால் அதுதான். நிறுவனம் கட்டும் பங்கையும் சில சீட்டுகளில் தனிப் பத்தியில் அச்சிடுவார்கள். அது உங்கள் பணம் அல்ல, ஆனால் அது இருந்தால் உங்களிடமும் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிடித்துவிட்டால் திரும்ப வாங்கும் வரிசை

வரிசை முக்கியம். முதல் படியைத் தாண்டி நேரே அரசுக்கு எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

1. முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். அதே ஆண்டுக்குள் கண்டுபிடித்தால் அடுத்த சம்பளத்திலேயே சேர்த்துத் தந்துவிடலாம். ஆண்டு கடந்திருந்தால் நிறுவனம் 941-எக்ஸ் படிவம் தாக்கல் செய்து, உங்களுக்குத் திருத்திய டபிள்யூ-2சி தர வேண்டும். இதே தொகையை அரசிடம் நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டீர்கள் என்று உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அது முறைதான், பயப்பட வேண்டாம்.

2. தர முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரவும் மறுத்தால், எந்தெந்தத் தேதியில் யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

3. படிவம் 843-ஐ நிரப்புங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாக. கேட்கும் தொகை டபிள்யூ-2-இன் 4-ஆம் கட்டமும் 6-ஆம் கட்டமும் சேர்ந்தது.

4. படிவம் 8316-ஐ உடன் வையுங்கள். இது எஃப், ஜே, எம் விசாக்காரர்களின் இந்தக் கோரிக்கைக்கென்றே உள்ள படிவம்.

5. இணைக்க வேண்டியவை: டபிள்யூ-2, பாஸ்போர்ட்டின் விசாப் பக்கம், ஐ-94, ஐ-20, வேலை அனுமதி அட்டை, நிறுவனத்தின் கடிதம் அல்லது உங்கள் விளக்கம். எல்லாம் நகல்தான், அசல் எதையும் அனுப்பாதீர்கள்.

6. வருமான வரி ரிட்டர்னோடு ஒரே உறையில் வைக்காதீர்கள். அவ்வாண்டுப் படிவ விளக்கத்தில் உள்ள முகவரிக்குத் தனியாக, கண்காணிப்பு எண் உள்ள அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

கெடு மூன்று ஆண்டு. 2024 சம்பளத்தில் பிடித்த தொகைக்கு 2028 ஏப்ரல் 15 வரை கேட்கலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டி உடனே வாங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒரே கோரிக்கையை இரண்டு முறை அனுப்புவது தாமதத்தைத்தான் கூட்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

ஜனவரி 31-க்குள் டபிள்யூ-2 வர வேண்டும். விலக்கு சரியாக நடந்திருந்தால் 1-ஆம் கட்டத்தில் சம்பளமும் 2-இல் வருமான வரியும் இருக்கும். 3 முதல் 6 வரை காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்துப் பதற்றப்படுகிறவர்கள் உண்டு. காலியாக இருப்பதுதான் சரி.

நீங்கள் தாக்கல் செய்ய வேண்டியது 1040-என்ஆர். கெடு ஏப்ரல் 15. கூடவே படிவம் 8843. அந்த ஆண்டு ஒரு டாலர் கூடச் சம்பாதிக்காத எஃப்-1 மாணவரும் 8843 அனுப்ப வேண்டும். அவருக்குக் கெடு ஜூன் 15. ஐந்து ஆண்டுக் கணக்குக்கு ஆதாரமாக நிற்பது இந்தத் தாள்தான்.

இந்தியர்களுக்கு ஒரு பெரிய சலுகை இங்கே உண்டு. 1989 செப்டம்பரில் தில்லியில் கையெழுத்தாகி 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு, இந்திய மாணவருக்கு அமெரிக்கவாசிகள் போலவே நிலையான கழிவைத் தருகிறது. மற்ற நாட்டு நான்-ரெசிடென்ட் மாணவர் பெரும்பாலானோருக்கு இது இல்லை. 2025 வருமானத்துக்குத் தனிநபர் கழிவு 15,750 டாலர். கழிவுத் தொகையை எழுதி, அந்த வரிக்கு இடப்பக்கம் 'இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி நிலையான கழிவு' என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை எழுத வேண்டும். பப்ளிகேஷன் 519-இல் அது அப்படியே இருக்கிறது, பார்த்து எழுதுங்கள். படிப்பு, பயிற்சிக்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்குத்தான் இந்தப் பிரிவு என்பதையும் மறக்க வேண்டாம். மாநில ரிட்டர்ன் வேறு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஹெச்-1பி கிடைத்த ஆண்டு

ஹெச்-1பி நிலை பெரும்பாலும் அக்டோபர் 1-இல் தொடங்கும். அன்றிலிருந்து ஃபைக்கா பிடிப்பார்கள், ஐந்து ஆண்டில் பாக்கி இருந்தாலும். விலக்கு எஃப்-1 நிலையோடு ஒட்டியது. ஓபிடி முடிந்து அக்டோபர் வரை இடைவெளியில் எஃப்-1 நீட்டிப்பில் வேலை பார்க்கிறவருக்கு அந்த நாள் வரை விலக்கு தொடரும். அவசரப்பட்டு ஜூலையிலேயே பிடிக்கத் தொடங்கினால் கேள்வி கேளுங்கள்.

வருமான வரியில் மட்டும் கணக்கு வேறு. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள்தான், 183 ஆகாது. ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர் அந்த ஆண்டு முழுவதற்கும் பெரும்பாலும் நான்-ரெசிடென்ட்டாகவே, 1040-என்ஆர் படிவத்தில்தான் தாக்கல் செய்வார். ஃபைக்கா கட்டியதால் ரெசிடென்ட் ஆகிவிட்டோம் என்று நினைத்து 1040 போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அமெரிக்கக் குடிமக்களுக்கான மென்பொருளில் ரிட்டர்ன் போடுவது முதல் தவறு. பிரபலமான பல மென்பொருள்கள் 1040-என்ஆர் தயாரிக்காது. கேட்காமலே 1040 போட்டுத் தந்துவிடும். "நண்பனுக்கு ஆயிரம் டாலர் கூடுதலாக ரீஃபண்ட் வந்தது" என்பார்கள். தகுதியில்லாத சலுகை அது. செய்திருந்தால் 1040-எக்ஸ் போட்டு நீங்களே திருத்துங்கள். பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவருக்கும் நான்-ரெசிடென்ட் மென்பொருளைக் குறைந்த கட்டணத்தில் தருகின்றன. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தவறாகப் பிடித்த ஃபைக்காவை 1040-என்ஆர்-இல் கழித்துக்கொள்வது இன்னொன்று. அதற்கு வழி முதலில் நிறுவனம், அது தராவிட்டால் 843.

விலக்கு முடிந்த பிறகும் பேசாமல் இருப்பது மூன்றாவது. பேரோல் மென்பொருள் உங்கள் ஐந்தாம் ஆண்டை நினைவு வைத்திருக்காது. ஆறாம் ஆண்டு ஜனவரியில் பிடித்தம் தொடங்கவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். சேர வேண்டியதைக் கேட்டு வாங்குகிற அதே உறுதியோடு கட்ட வேண்டியதையும் கட்டுங்கள். நாளைக்கு விசாவோ கிரீன் கார்டோ கேட்கும்போது உங்கள் பழைய ரிட்டர்ன்கள் மேசைமேல் வரும்.

சில கன்சல்டன்சிகள் 'டபிள்யூ-2 வேண்டாம், 1099-இல் போடுகிறோம்' என்பார்கள், அதாவது ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக. பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுப் பணம் கைக்கு வரும். வருமான வரியைக் காலாண்டுக்கு ஒரு முறை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ஸ்டெம் நீட்டிப்பில் உள்ளவருக்கு உண்மையான முதலாளி–ஊழியர் உறவும் ஐ-983 பயிற்சித் திட்டமும் வேண்டும். 1099 அங்கே ஆபத்து. பள்ளியின் அதிகாரியிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாதுகாப்பு

சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், 'இதைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று எனக்கு அனுப்பினாலும் எண்களை மறைத்தே அனுப்புங்கள். வரி பாக்கி, உடனே கிஃப்ட் கார்டு வாங்கிக் கட்டு, இல்லாவிட்டால் நாடு கடத்துவோம் என்று வரும் அழைப்பு மோசடி. ஐ.ஆர்.எஸ். பொதுவாக முதலில் கடிதம்தான் அனுப்பும். ரீஃபண்டில் சதவீதம் கேட்கும் தயாரிப்பாளர், தன் பெயரைப் படிவத்தில் போட மறுப்பவர், காலிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவர் ஆகியோரைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த விலக்கையே நீக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் பப்ளிகேஷன் 519-இன் புதிய பதிப்பை ஒரு முறை புரட்டுங்கள். பிரிட்டனுக்குப் போனவர்கள் இந்த அத்தியாயத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்: அங்கே பட்டம் முடித்து வேலை பார்ப்பவருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடித்தம் எல்லாரையும் போலவே உண்டு.

ஊரில் இருக்கும் கணக்குகள்

படிக்கப் போனவரையும் ரிசர்வ் வங்கி வெளிநாட்டுவாழ் இந்தியராகவே கருதுகிறது. ஊரில் உள்ள வங்கிக் கிளையில் பள்ளிக்கூட நாளில் தொடங்கிய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

நான்-ரெசிடென்ட்டாக இருக்கும்வரை இங்கே வரும் வட்டியை அமெரிக்க ரிட்டர்னில் காட்ட வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டில் ரெசிடென்ட் ஆன பிறகு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் கணக்கில் வரும். இங்கே வரியில்லாத பிபிஎஃப் வட்டியும் என்ஆர்இ வட்டியும் சேர்த்துத்தான். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை தர வேண்டும். நம் வீடுகளில் இது எங்கே மாட்டும் என்றால், அப்பா ஓய்வு பெற்ற பணத்தை வைப்புநிதியில் போட்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பிள்ளை பெயரையும் சேர்த்திருப்பார். பணம் அப்பாவுடையதுதான். ஆனாலும் கூட்டுக் கணக்கின் முழு இருப்பும் உங்கள் அறிக்கையில் வரும். இதற்கு வரி இல்லை, தகவல் மட்டும்தான். சொல்லாமல் விட்டால் அபராதம் கடுமை. அடுத்த முறை பேசும்போது எந்தெந்தக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதற்கு முன்

1. சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2, ஐ-20, ஐ-94, வேலை அனுமதி அட்டை எல்லாவற்றையும் தரவிறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். வேலையை விட்ட பிறகு பேரோல் தளத்தின் கதவு மூடிக்கொள்ளும்.
2. 843 கோரிக்கை நிலுவையில் இருந்தால் அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள். அமெரிக்கக் கருவூலக் காசோலை ஓர் ஆண்டுதான் செல்லும். இங்கே வந்து சேர்ந்து, வசூலுக்கு அனுப்பி, பணமாவதற்குள் நாள் ஓடிவிடும்.
3. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8822 அனுப்புங்கள். வலியசாலை முகவரி கொடுப்பதானால் வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் தபால்காரர் புரிந்துகொள்கிற மாதிரி முழுதாக எழுதுங்கள்.
4. திரும்பும் நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று எண்ணுங்கள். நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அவர்களுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் நீங்கள் இங்கே ரெசிடென்ட் ஆகிவிட்டால், அங்கே வாங்கிய சில மாதச் சம்பளத்தை இங்கேயும் காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்க வேண்டியிருக்கும். அதற்கு ஆதாரம் கடைசிச் சம்பளச் சீட்டும் அந்த ஆண்டின் டபிள்யூ-2-உம்தான். டபிள்யூ-2 நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு, அடுத்த ஜனவரியில்தான் வரும். அதை எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்று கடைசி நாளில் எச்.ஆரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள். அலுவலக மின்னஞ்சல் அன்று மாலையோடு நின்றுவிடும்.